காயல்பட்டினத்து 95

2023 டிசம்பர் 18, காலை 8.30 மணி. இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு ஒரு நாள் என்பது அந்த நேரத்தில்தான் முடிந்து அடுத்தது தொடங்கும். அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. என்று பதிவானது. பக்கத்துத் திருச்செந்தூரில் 69, தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் 62, மலைமேல் மாஞ்சோலையில் 55, கரிசல் மண்ணான கோவில்பட்டியில் 53.

95 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒரு செண்ட் நிலத்தில் மட்டும் 38,000 லிட்டருக்குமேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றுக்குச் சற்று மேல் வந்து ஒரு செண்டில் கொட்டிவிட்டுப் போனால் அந்த அளவு. ஐந்து செண்டில் வீடு கட்டியிருப்பவர் வாசலில் பதினாறு லாரி. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கப் பார்க்கும் மழையைவிட இது அதிகம்.

நாளிதழுக்கு இது தலைப்புச் செய்தி. கணக்குப் போடுகிறவருக்கோ இது ஒரு தொந்தரவு. கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நிற்கும் இப்படிப்பட்ட எண்ணைப் புள்ளியியலில் அவுட்லையர் என்கிறார்கள். தமிழில் புறமதிப்பு, விலகு மதிப்பு என்று ஆளுக்கொரு சொல் புழங்குகிறது; இந்தக் கட்டுரைக்கு ‘விலகி நிற்கும் எண்’ போதும். அப்படி ஓர் எண் வந்து நின்றால் அதைச் சேர்ப்பதா, கழிப்பதா? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த திட்ட விலக்கத்தை வைத்துப் பதில் தேடப் போனால், அந்தச் சூத்திரம் ஒரு வேடிக்கை காட்டுகிறது.

திட்ட விலக்கம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பிலேயே அறிமுகம். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் வரும். சராசரியைக் கண்டுபிடி; ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்; அதை வர்க்கமாக்கு; எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகு; வர்க்கமூலம் எடு. இந்தப் பெயரை 1890களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் கார்ல் பியர்சன். எண்கள் சராசரியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதை ஒற்றை எண்ணில் சொல்லிவிடும் அளவு இது.

மேலே சொன்ன ஐந்து ஊர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 334. சராசரி 66.8. விலகல்கள்: காயல்பட்டினம் +28.2, திருச்செந்தூர் +2.2, ஸ்ரீவைகுண்டம் −4.8, மாஞ்சோலை −11.8, கோவில்பட்டி −13.8. கூட்டினால் பூஜ்யம் வருகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பாதிப் பேர் தப்பு விடுவது இந்த இடத்தில்தான். வர்க்கங்களின் கூடுதல் 1152.8. ஐந்தால் வகுத்தால் 230.56. வர்க்கமூலம் 15.2. ஆக, திட்ட விலக்கம் 15.2 செ.மீ. மில்லிமீட்டரில் கேட்டால் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டாம், 152 என்று எழுதிவிடலாம். எல்லா எண்களையும் பத்தால் பெருக்கினால் திட்ட விலக்கமும் பத்து மடங்காகும். எல்லா ஊருக்கும் இரண்டு இரண்டு செ.மீ. கூடப் பெய்திருந்தால் சராசரிதான் ஏறும், திட்ட விலக்கம் அசையாது.

இனி விசாரணை. சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் இருந்தால் சந்தேகப்படு என்பது பலர் கைக்கொள்ளும் விதி. கண்டிப்பானவர்கள் இரண்டு என்பார்கள். காயல்பட்டினத்தின் விலகல் 28.2. அதை 15.2ஆல் வகுத்தால் 1.86. இரண்டைக்கூடத் தொடவில்லை! ஊரே மிதந்த மழை, சூத்திரத்தின் கண்ணில் சாதாரண மழை.

சரி, அந்த 95இல் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்து 950 என்று பதிவேட்டில் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒன்பதரை மீட்டர் மழை. மூன்று மாடி உயரம். எந்தப் பிள்ளையும் சிரிக்கும். அதே கணக்கை மறுபடி போட்டால் சராசரி 237.8, திட்ட விலக்கம் ஏறத்தாழ 356.1, காயல்பட்டினத்தின் விலகல் 712.2. வகுத்தால்? இரண்டுக்கு மயிரிழை குறைவு. 9,500 என்று போட்டாலும் இரண்டைத் தாண்டாது. இது கால்குலேட்டரின் கோளாறு இல்லை. எண்ணிக்கையால் வகுக்கும் நம் பாடப்புத்தகச் சூத்திரத்தில், எந்த எண்ணும் தன் பட்டியலின் சராசரியிலிருந்து ஓர் எல்லைக்கு மேல் விலகவே முடியாது. எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் அந்த எல்லை எத்தனை திட்ட விலக்கம் என்பது கிடைத்துவிடும். ஐந்து எண்களுக்கு எல்லை 2. பத்து எண்களுக்கு 3. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய பால் சாமுவேல்சன், எவ்வளவுதான் விலக முடியும் என்று கேட்கும் தலைப்பில் 1968இல் எழுதிய சிறு கட்டுரையால் இந்த எல்லை அவர் பெயரிலேயே வழங்குகிறது. பத்து எண்களை வைத்துக்கொண்டு மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டியது எது என்று தேடும் மாணவர் சாயங்காலம்வரை தேடலாம்.

காரணம் எளிது. விலகி நிற்கும் எண் சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது. அது போதாதென்று வர்க்கமாக்கும்போது திட்ட விலக்கத்தையும் ஊதிப் பெரிதாக்கிவிடுகிறது. நம் ஐந்து ஊர்க் கணக்கில் 1152.8இல் 795 காயல்பட்டினம் ஒன்றே தந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே பஞ்சாயத்துத் திண்ணையில் ஏறி உட்கார்ந்துகொண்டால் தீர்ப்பு எப்படியிருக்கும்?

அவரைத் திண்ணையிலிருந்து இறக்கிப் பார்ப்போம். மற்ற நான்கு ஊர்களின் சராசரி 59.75, திட்ட விலக்கம் 6.3. அங்கிருந்து பார்த்தால் 95 என்பது 35.25 செ.மீ. தள்ளி, அதாவது ஐந்தரைத் திட்ட விலக்கத்துக்கும் அப்பால் நிற்கிறது. ஆனால் யாரை இறக்குவது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இந்த வழி செல்லும். இரண்டு மூன்று எண்கள் சேர்ந்து விலகி நின்றால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும்.

அதைவிட நம்பகமான வழி இடைநிலை அளவு. ஐந்து எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பது ஸ்ரீவைகுண்டத்தின் 62. மற்றவை அதிலிருந்து எவ்வளவு தள்ளி? 33, 7, 0, 7, 9. இவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 7. காயல்பட்டினத்தின் தூரம் அதைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. 95ஐ 950 ஆக்கினாலும் நடுவிலிருக்கும் 62 நகராது, 7ம் நகராது; தூரம் மட்டும் அந்த 7ஐப்போல் ஏறத்தாழ 127 மடங்காகி, எழுத்துப் பிழை கையும் களவுமாகப் பிடிபடும். வர்க்கமும் இல்லை, வர்க்கமூலமும் இல்லை. இத்தனை நல்ல அளவுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். அமெரிக்கரான ஜான் டூக்கி 1977இல் ஒரு புத்தகம் எழுதிப் பரப்பிய பெட்டிப் படமும் இதே குடும்பம்தான். கால்மானங்களுக்கு இடையில் ஒரு பெட்டி வரைந்து, பெட்டி நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு வெளியே விழும் எண்களைப் புள்ளிகளாகத் தனியே காட்டுவார்கள்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். அந்த ஐந்து ஊர்களும் அன்று செய்தியில் முதலில் அடிபட்டவை, அதாவது அதிகம் பெய்த இடங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய இரண்டு மாவட்டங்களின் எல்லா மழைமானிகளையும் எடுத்தால் சராசரி இறங்கும், 95 இன்னும் தூரமாகத் தெரியும். எந்த எண்களோடு வைத்து ஒப்பிடுகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது.

தூரம் தெரிந்துவிட்டது. ஆனால் அது பிழையா, உண்மையா? இதைச் சூத்திரம் சொல்லாது. மழைமானியிடம்தான் போக வேண்டும்.

நம் ஊர்ச் சாதாரண மழைமானி கண்ணாடியிழையால் ஆனது. 100 அல்லது 200 சதுர செ.மீ. வாய் உள்ள புனல், அடியில் ஒரு பாலித்தீன் பாட்டில். காலை 8.30க்கு ஒருவர் வந்து பாட்டில் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படித்து எழுத வேண்டும். வாய் 100 சதுர செ.மீ. என்றால் 95 செ.மீ. மழைக்கு ஒன்பதரை லிட்டர் சேரும். 200 என்றால் 19 லிட்டர். பெரிய பாட்டிலே பத்து லிட்டர்தான் கொள்ளும். ஆகவே இப்படிப்பட்ட மழையில் கருவி தவறினால், நிரம்பி வழிந்து குறைத்துக் காட்டத்தான் வாய்ப்பு அதிகம். கூட்டிக் காட்ட வாய்ப்பு குறைவு.

அடுத்த சாட்சி பக்கத்து ஊர். காயல்பட்டினத்தில் 95 பெய்து திருச்செந்தூரில் 5 என்று இருந்தால் சந்தேகிக்கலாம். அங்கே 69. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட மேலடுக்குச் சுழற்சி கடல் ஈரத்தை இடைவிடாமல் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்த நாள் அது. கடைசிச் சாட்சி எண்ணே இல்லை: திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஜல்லி அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்க, ஏறத்தாழ 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு மாட்டிக்கொண்டார்கள். 95 உண்மை எண்தான்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் அந்த ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். அதற்குள் மலைக்காடும் உண்டு, தேரிமணலும் உண்டு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்ற நான்கு எஸ்டேட் மழைமானிகள் கொட்டோ கொட்டென்று காட்டும் நாளில் தூத்துக்குடியில் துணி காயும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால் நாலுமுக்கு எப்போதும் விலகி நிற்கும் எண்ணாகவே தெரியும். நாலுமுக்குக்கு அது வழக்கமான மழை. டிசம்பர் 18இல் மாஞ்சோலையின் 55 யாரையும் பெரிதாகத் திடுக்கிட வைக்கவில்லை. கோவில்பட்டியின் 53தான் உண்மையில் அதிசயம். ஐந்து ஊர்ப் பட்டியலில் அதுவோ கடைசி இடத்தில் பதுங்கியிருக்கிறது.

நாள் மழைக்குத் திட்ட விலக்கம் எவ்வளவு பொருந்தாத சட்டை என்பதற்கு ஒரு சின்னக் கற்பனைக் கணக்கு. 30 நாளில் 29 நாள் வெயில், ஒரே நாளில் 30 செ.மீ. மழை. சராசரி 1 செ.மீ., திட்ட விலக்கம் 5.4. சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் கீழே போனாலே மைனஸ் 4.4 செ.மீ. மழை! மணி வடிவத்தில் பரவும் எண்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று திட்ட விலக்கத்துக்குள் முறையே 68, 95, 99.7 சதவீதம் என்று மனப்பாடம் செய்த விதி இங்கே செல்லாது. எந்த வடிவத்துக்கும் செல்லும் உறுதி ரஷ்யரான செபிஷேவ் கொடுத்தது மட்டுமே: இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75 சதவீதம், மூன்றுக்குள் குறைந்தது ஏறத்தாழ 89 சதவீதம்.

வெள்ளத்தையும் புள்ளியியலையும் இந்தியாவில் இணைத்த முன்னோடி பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். கல்கத்தா அலிப்பூரில் வானிலை அதிகாரியாக இருந்தவர். பிறகு 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை மேடேறிவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். மகாலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுத் தரவைப் புரட்டினார். படுகை மேடேறவில்லை. மேலே பெய்த மழைதான் அசாதாரணம். விலகி நின்ற ஒற்றை ஆண்டைப் பார்த்து ஆறே மாறிவிட்டது என்று நினைத்ததுதான் பிழை.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: அப்படி ஓர் ஆண்டே வரவில்லை என்று கழித்துவிடுவது. 1992 நவம்பரில் காக்காச்சியில் ஒரே நாளில் 96.5 செ.மீ. பதிவானது, அந்த வெள்ளத்தைத் திருநெல்வேலியில் வயதானவர்கள் இன்றும் ஆண்டு சொல்லிப் பேசுவார்கள். பாலமும் அணையும் கட்டுகிறவர்களுக்குச் சராசரி மழையால் பெரிய உபயோகமில்லை. அவர்கள் ஒவ்வோர் ஆண்டிலும் அதிகம் பெய்த ஒரே ஒரு நாளை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்த உச்சங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எமில் கும்பெல் 1958இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மற்றவர்கள் தூக்கியெறியலாமா என்று யோசிக்கும் எண்கள்தான் அந்தக் கணக்குக்கு மூலப்பொருள். காயல்பட்டினத்தின் உச்சப் பட்டியலில் 2023க்கு நேரே இப்போது 95 இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கில் ஓர் ஓடைப்பாலம் கட்டினால் அதன் கண் எத்தனை அடி அகலம் இருக்கும், சேர்த்துப் போட்டால் எத்தனை அடி என்று போட்டுப் பார்க்க வேண்டியது அடுத்த பொறியாளரின் வேலை.