இருஃபோட்டான் நுண்ணோக்கியில் வேகமும் பிரிதிறனும்

இருஃபோட்டான் நுண்ணோக்கி என்பது உயிருள்ள திசுவின் மேற்பரப்புக்குக் கீழே சில நூறு மைக்ரோமீட்டர் ஆழம் வரை லேசர் ஒளியால் படமெடுக்கும் கருவியாகும். 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வின்ஃபிரீட் டெங்க், ஜேம்சு இசுட்ரிக்லர், வாட் வெப் ஆகியோர் இதை உருவாக்கினர். ஓர் அணு இரண்டு ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் உட்கவர முடியும் என்பதை மரியா கோப்பெர்ட்-மேயர் 1931-இல் வெளியிட்ட ஆய்விலேயே கணித்திருந்தார்.

இக்கருவியில் அகச்சிவப்பு லேசர் ஒரு புள்ளியில் குவிக்கப்படுகிறது. சாய மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து உட்கவர்ந்தால்தான் ஒளிரும். அதற்கான வாய்ப்பு ஒளிச்செறிவின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், குவியத்தில் மட்டுமே சாயம் ஒளிர்கிறது. வெளிவரும் ஒளி திசுவில் எப்படிச் சிதறினாலும் கவலையில்லை. அக்கணத்தில் உணரியை அடைந்த ஒளி முழுவதையும் அந்த ஒரு புள்ளியின் கணக்கில் எழுதிவிடலாம். ஆழத்திலும் படம் தெளிவாக இருப்பது இதனால்தான்.

குறை வேகத்தில் இருக்கிறது. 512 × 512 புள்ளிகள் கொண்ட ஒரு படத்துக்கு லேசர் 2,62,144 இடங்களைத் தொட்டு வர வேண்டும். நியூரானின் மின்துடிப்போ ஒன்றிரண்டு மில்லிநொடியில் முடிந்துவிடும்.

2005-இல் அறிமுகமான காலக்குவிப்பு முறை இதற்கு வேறு வழி கண்டது. ஃபெம்டோநொடி லேசர் துடிப்பு ஒரு கீற்றணியில் பட்டு நிறங்களாகப் பிரிகிறது. அந்நிறங்கள் குவியத் தளத்தில் மட்டும் மீண்டும் ஒன்றுசேர்கின்றன. மற்ற இடங்களில் துடிப்பு நீண்டு வலுவிழப்பதால் சாயம் ஒளிர்வதில்லை. ஒரு தளம் முழுவதையும் கேமராவால் ஒரே நேரத்தில் பதியலாம்.

ஆனால் புள்ளிமுறையில் தொல்லை தராத சிதறல் இங்கே திரும்ப வருகிறது. பல இடங்கள் சேர்ந்து ஒளிரும்போது, சிதறிய ஃபோட்டான் கேமராவில் பக்கத்துப் படப்புள்ளியில் விழுகிறது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று அறிய வழியில்லை. ஆழம் கூடக் கூட டெண்டிரைட்டின் நுண்முட்கள் போன்ற நுட்பமான அமைப்புகள் மங்கலில் கரைகின்றன. சினாப்சு தோன்றி மறைவதை ஆராய்பவருக்கு வேண்டியவை அந்த முட்களே.

இரண்டுக்கும் இடைப்பட்டது கோட்டுமுறை. இதில் இடைவெளி விட்ட பல ஒளிக்கோடுகள் திசுவை ஒரு திசையிலும், பின்னர் அதற்குச் செங்குத்தாகவும் வருடுகின்றன. கோடுகள் இருக்கும் இடம் முன்பே தெரியும். ஆகவே, இடைவெளியில் விழும் ஒளி சிதறி வந்ததே என்று உறுதியாகச் சொல்லலாம். அதை உரிய கோட்டுக்கே கணினி திருப்பிச் சேர்க்கிறது. கோட்டின் நீளவாக்கில் சிதறிய ஒளியை மட்டும் இப்படிப் பிரிக்க முடியாது. செங்குத்து வருடல் தேவைப்படுவது அதற்காகவே.

இது வெளியேறும் ஒளிக்கான திருத்தம் மட்டுமே. உள்ளே செல்லும் லேசரின் அலைமுகம் திசுவில் நெளிவதைச் சரிசெய்ய, வானியலாளர்கள் தொலைநோக்கிகளில் பயன்படுத்தும் வளையும் ஆடிகள் போன்றவை தனியே தேவைப்படுகின்றன.