ஆய்வாளர்கள் கைத்தொலைபேசியைக் கேட்கிறார்கள். நாம் அவர்களைக் கேட்கவேண்டியது என்ன?

அகதியாக ஒரு நாட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வருடத்தில் எம்மவர் கையொப்பமிடும் படிவங்களுக்குக் கணக்கில்லை. குடிவரவு, வீடு, வைத்தியம், பிள்ளைகளின் பாடசாலை என ஒவ்வொரு வாசலிலும் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. போடாவிட்டால் என்ன நடக்குமோ என்ற பயத்தில் வாசிக்காமலே பலர் கையொப்பமிட்டு விடுகிறார்கள். பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் நடத்தும் ஆய்வுகளுக்கான சம்மதப் படிவமும் இவற்றோடு சேர்ந்து வரலாம். "இந்தச் செயலியை உங்கள் கைத்தொலைபேசியில் போட்டால் போதும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று அதில் இருக்கும்.

நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற இடத்தில்தான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

முன்பெல்லாம் ஆய்வு என்றால் ஒருவர் வினாக்கொத்துடன் வீட்டுக்கு வருவார். கேள்வி எமது காதில் விழும். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். கைத்தொலைபேசி ஆய்வில் கேள்வியே கேட்பதில்லை. எங்கே போனோம், எவ்வளவு நடந்தோம், இரவு எத்தனை மணிக்குத் திரை அணைந்தது, எத்தனை அழைப்புகள் எடுத்தோம் என்பவற்றைக் கருவி தானாகவே பதிந்து அனுப்பிவிடும். எதை எடுக்கிறோம் என்று ஆய்வாளர் வாய்திறந்து சொன்னாலன்றி எமக்குத் தெரிய வழியில்லை.

இத்தகைய ஆய்வுகள் எல்லாமே கெட்டவை என்று சொல்ல வரவில்லை. 2013 இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 48 மாணவர்கள் 10 வாரங்கள் இப்படியொரு ஆய்வில் பங்குபற்றினார்கள். அவர்களுடைய உறக்கம், நடமாட்டம், மற்றவர்களோடு பேசும் நேரம் ஆகியவற்றைக் கைத்தொலைபேசி கணித்தது. பேச்சு நடக்கிறதா என்பதை ஒலிவாங்கி அறிந்துகொண்டதே தவிர, பேசிய வார்த்தைகள் சேமிக்கப்படவில்லை. தவணையில் படிப்புச் சுமை ஏற ஏற மாணவர்களின் மன அழுத்தம் கூடியதையும் உறக்கம் குறைந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. போரையும் இடப்பெயர்வையும் கண்டுவந்த எமது சமூகத்தில் மனவேதனையை வாய்விட்டுச் சொல்லாதோர் அநேகர். இவ்வாறான ஆய்வுகளால் எமக்கும் பயன் கிடைக்கக்கூடும். ஆனால் டார்ட்மத் மாணவர்கள் தாம் ஆய்வில் இருப்பதை அறிந்து சம்மதித்தவர்கள்.

அறியாமலே தகவல் போவதும் உண்டு. கனடாவின் பொதுச் சுகாதார முகவரகம் கொரோனாக் காலத்தில் மக்கள் நடமாட்டத்தை ஆராய்ந்தது. அதற்காக 3 கோடி 30 லட்சம் கைத்தொலைபேசிகளின் இடத் தகவல்களை ஆதாரமாகக் கொண்டது என்பது 2021 டிசெம்பரில் செய்தியாக வந்தது. 2021 கணக்கெடுப்பில் அந்நாட்டின் சனத்தொகையே சுமார் 3 கோடி 70 லட்சம்தான். பெயர்களும் இலக்கங்களும் நீக்கப்பட்ட தகவல்களையே பெற்றோம் என்று முகவரகம் விளக்கியது. 2022 இல் பாராளுமன்றக் குழுவொன்று இதை விசாரித்தது. இப்படித் தகவல் திரட்டும்போது மக்களுக்கு அறிவிக்கவேண்டும், விரும்பாதவர்கள் விலகிக்கொள்ள வழிவைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2023 இல் கனடாவின் அந்தரங்கக் காப்பு ஆணையாளர் அலுவலகம், சட்டம் மீறப்படவில்லை என்று முடிவு கூறியது. சட்டப்படி சரியாக இருந்தாலும், தமது கைத்தொலைபேசியும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்பதைப் பலர் பத்திரிகை பார்த்தே அறிந்தார்கள்.

"பெயர் இல்லைத்தானே, பிறகென்ன பயம்?" என்று கேட்கலாம். 15 லட்சம் பேரின் 15 மாத இடத் தகவல்களைப் பெயரில்லாமல் ஆராய்ந்த ஒரு குழு 2013 இல் தனது முடிவை வெளியிட்டது. ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்ற நான்கே நான்கு தடயங்கள் கிடைத்தால், 100 பேரில் 95 பேரின் பாதையை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்பதே அந்த முடிவு. இரவு தங்கும் வீடு, காலையில் போகும் வேலைத்தலம், வெள்ளிக்கிழமைக் கோயில், சட்டத்தரணியின் அலுவலகம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் தெருவில் அது வேறு யாராக இருக்க முடியும்?

எமக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. கைத்தொலைபேசியில் ஊரிலுள்ள உறவினரின் இலக்கங்களும் உள்ளன. அவர்கள் எந்தப் படிவத்திலும் கையொப்பமிடவில்லை.

ஆகவே கையொப்பமிடும் முன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. எந்தெந்தத் தகவல்களை எடுப்பீர்கள்? இடம், அழைப்பு விபரம், தொடர்பிலக்கங்கள், ஒலிவாங்கி என ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

2. எதற்காக எடுக்கிறீர்கள்? ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர் யார்?

3. வேறு ஆய்வாளருக்கோ, நிறுவனத்துக்கோ, அரச திணைக்களத்துக்கோ கொடுப்பீர்களா?

4. எத்தனை வருடம், எந்த நாட்டில் வைத்திருப்பீர்கள்?

5. நான் இடையில் விலகினால் ஏற்கனவே எடுத்தவை அழிக்கப்படுமா?

6. ஆய்வின் முடிவை எமக்கும் சொல்வீர்களா?

விளங்காத மொழியில் பதில் வந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து ஒப்பமிடாதீர்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசிக்கவும் கேட்கலாம். கனடாவில் பல்கலைக்கழக ஆய்வுகளை ஆய்வு நெறிமுறைச் சபை பார்வையிடுகிறது. அதைத் தொடர்புகொள்ளும் விபரம் படிவத்திலேயே இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, உம்மைப்பற்றி வைத்திருக்கும் தகவல்களின் பிரதியை இலவசமாகக் கேட்கலாம். வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் முடியும். தகவலை அழிக்கும்படியும் கேட்கலாம், ஆனால் ஆய்வுகளுக்கு இதில் சில விதிவிலக்குகள் உண்டு.

ஒன்றை மறக்கவேண்டாம். செயலியை அழித்தால் அதன்பின் புதிய தகவல் போவது மட்டுமே நிற்கும். முன்னர் போனவை அங்கேயே இருக்கும். அவற்றை நீக்க ஆய்வாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

ஆய்வில் சேர்வது கடமையோ, இந்த நாட்டுக்கு நாம் காட்டும் நன்றியோ ஆகாது. சேர மறுத்ததற்காக வைத்தியத்தையோ பாடசாலை வசதியையோ குறைப்பது ஆய்வு நெறிக்கு முரணானது. ஆய்வாளரிடம் கேள்வி கேட்டால் அகதி வழக்கு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், அதை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நேர்மையான ஆய்வாளர் இந்த ஆறு கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். அப்படிச் சொல்பவரின் ஆய்வில் மனநிறைவோடு சேருங்கள். சொல்லத் தயங்குபவரிடம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.