டின்னிலிருந்து வந்த கேக்

அன்னாசி அப்சைட் டவுன் கேக்கின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். தேன் நிறத்தில் மினுங்கும் மேற்பரப்பு. அதில் ஒரே அளவில் ஏழு மஞ்சள் வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு சிவப்புச் செர்ரி. வீட்டில் அன்னாசி நறுக்கியவர்களுக்கு இதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும். முள்ளுத் தோலைச் சீவி, கண்களைத் தோண்டி, நடுத்தண்டைக் கழித்துப் போட்ட பிறகு நம் தட்டில் மிஞ்சுவது கோணல்மாணலான துண்டுகள்தான். இவ்வளவு சுத்தமான வட்டம் யாருக்குக் கைவரும்?

யாருக்கும் வராது. அதை வெட்டியது ஓர் இயந்திரம்.

ஹார்வர்டில் படித்து முடித்த ஜேம்ஸ் டோல் என்ற இளைஞர் 1899இல் ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. 1893இல் ஹவாய் அரசியை வீழ்த்திய பிறகு அமைந்த குடியரசுக்குத் தலைவராக இருந்த சான்ஃபோர்ட் டோல் அவருடைய உறவினர். எனவே புது ஊரில் காலூன்றுவது ஜேம்ஸுக்கு அத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. 1901இல் ஹவாயன் பைனாப்பிள் கம்பெனியைத் தொடங்கினார். பழம் நன்றாக விளைந்தது. ஆனால் பழுத்த அன்னாசி நீண்ட கப்பல் பயணத்தைத் தாங்காது. டின்னில் அடைத்து அனுப்பலாம் என்றால், ஒவ்வொரு பழத்தையும் ஆள் வைத்துச் சீவ வேண்டும். அந்த வேகத்தில் கட்டுப்படியாகாது.

1911இல் ஹென்றி ஜினாகா என்ற பொறியாளரை டோல் வேலைக்கு எடுத்தார். ஜினாகா உருவாக்கிய இயந்திரம் பழத்தின் தோலைச் சீவி, இரு முனைகளையும் நறுக்கி, நடுத்தண்டைத் துளைத்தெடுத்து, நேரான உருளையாக வெளியே தள்ளியது. மெருகேற்றிய பிறகு நிமிடத்துக்கு 100 பழம் வரை அது தயார் செய்தது. அந்த உருளையின் குறுக்களவு டின்னுக்குள் நுழையும்படி கணக்குப் பண்ணியது. அதைக் குறுக்காக வெட்டினால் வளையம். இன்றைக்கும் கேக்கின் மேல் நாம் பார்க்கும் வட்டம் அந்த டின்னின் அளவுதான்.

1922இல் லனாய் என்ற தீவையே 11 லட்சம் டாலருக்கு வாங்கி அன்னாசித் தோட்டமாக்கினார் டோல். தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள். விளம்பரங்களில் அவர்கள் முகம் தெரியாது. வெயிலும் கடலும் பழமும்தான் தெரியும். டின்கள் மலைபோலக் குவிந்தன. அமெரிக்க வீடுகளுக்கோ அதை வைத்து என்ன சமைப்பது என்று புரியவில்லை. 1925இல் கம்பெனி ஒரு சமையல் குறிப்புப் போட்டி அறிவித்தது. சுமார் 60,000 குறிப்புகள் வந்து குவிந்தன. அவற்றில் ஏறக்குறைய 2,500 ஒரே பலகாரத்துக்கானவை: அன்னாசி அப்சைட் டவுன் கேக். கம்பெனி அந்த எண்ணிக்கையையே விளம்பரமாக்கியது.

ஆக, கம்பெனி இதைக் கண்டுபிடிக்கவில்லை. 2,500 பேர் எழுதி அனுப்புகிறார்கள் என்றால் அது ஏற்கெனவே வீடுகளில் புழங்கிக்கொண்டிருந்த சமையல்தான். ஓவன் எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில் அமெரிக்கப் பெண்கள் கனமான வார்ப்பிரும்பு வாணலியில் வெண்ணெயும் சர்க்கரையும் உருக்கி, ஆப்பிளோ செர்ரியோ உலர்ந்த பிளம்ஸோ பரப்பி, மேலே மாவை ஊற்றி அடுப்பிலேயே வேகவைத்துக் கவிழ்த்தார்கள். பிரான்ஸில் ஆப்பிளை இதே பாணியில் கவிழ்த்துப் போடும் டார்ட் டாட்டன் உண்டு. ஆனால் அது கேக் இல்லை, மொறுமொறுப்பான மாவுத் தகட்டின் மேல் பழம். டோலின் டின் செய்த வேலை, வாணலியிலிருந்த பருவகாலப் பழத்தை அப்புறப்படுத்தி அந்த இடத்தில் தன் வளையத்தை உட்கார வைத்தது.

இந்தச் சரித்திரத்தை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்திலும் புத்தகத்திலும் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் டின் அன்னாசிக்காக எழுதப்பட்டவை. அதை அப்படியே பின்பற்றி, டின்னுக்குப் பதிலாகக் கொல்லிமலைப் பழத்தையோ, கேரளாவின் வாழக்குளம் பழத்தையோ போட்டால் கேக் சொதப்பும். பழத்துக்கும் கேக்குக்கும் நடுவே வேகாத களி போல ஒரு வரி நிற்கும். சில நேரம் லேசான கசப்பும் தட்டும்.

காரணம் புரோமிலைன். அன்னாசியில் இருக்கும் இந்த நொதி புரதத்தை உடைக்கும். பச்சை அன்னாசியை நிறையத் தின்றால் நாக்கு புண்ணாவதில் இதற்குப் பங்குண்டு. மட்டன் சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அங்கே வேலை செய்வதும் இதே குணமுள்ள இன்னொரு நொதிதான். பச்சை அன்னாசியைப் பாலோடு அடித்து வைத்தால் சற்று நேரத்தில் கசப்பதும் பால் புரதம் உடைவதால்தான். கேக் மாவில் பாலும் முட்டையும் இருக்கின்றன. பழச்சாறு அதில் ஊறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டின்னில் அடைக்கும்போது பழத்தைச் சூடாக்குவதால் நொதி செத்துவிடுகிறது. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்: பழத்தை முதலில் வேகவைக்க வேண்டும். இந்த ஒரு படி போதும்.

பழத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் சந்தையில் பெரிதாக, சாறு ஒழுக வரும் கியூ ரகம் ஹவாயில் டின்னுக்குப் பயன்பட்ட அதே வகையைச் சேர்ந்தது. சிறியதாக, ஆழ்ந்த மஞ்சளாக, வாசனை தூக்கலாக இருக்கும் மொரீஷியஸ் ரகம்தான் இதற்கு என் தேர்வு. வாழக்குளத்தில் விளைவது அதுதான். 2009இல் புவிசார் குறியீடும் பெற்றது.

எட்டு அங்குலத் தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் தனியாகக் கழலும் தட்டு வேண்டாம், பாகு ஒழுகி ஓவனை நாசமாக்கும். வாணலியில் 60 கிராம் வெண்ணெய், 100 கிராம் நாட்டுச் சர்க்கரை போட்டு உருக்குங்கள். அமெரிக்கக் குறிப்புகள் சொல்லும் பிரவுன் சுகருக்கு நம் நாட்டுச் சர்க்கரை நல்ல மாற்று. என்னைக் கேட்டால் அதைவிட ஒரு படி மேல். அதில் அரை அங்குலத் தடிமனில் நறுக்கிய அன்னாசியைப் போட்டு, இருபுறமும் திருப்பி, ஏழெட்டு நிமிடம் வேகவிடுங்கள். பழம் கண்ணாடி போலாகிச் சாறு வற்றத் தொடங்கியதும் துண்டுகளைத் தட்டில் அடுக்குங்கள். வட்டம்தான் வேண்டும் என்பதில்லை; முக்கோணத் துண்டுகளை நெருக்கி அடுக்கினால் இடைவெளியே இருக்காது. வாணலியில் மீந்ததைக் கெட்டியாகும்வரை சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள்.

இனி கேக். 115 கிராம் வெண்ணெயும் 150 கிராம் சர்க்கரையும் சேர்த்து நுரைக்க அடிக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. சர்க்கரைப் பரல்கள் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குமிழிகளை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. நம் கடைச் சர்க்கரை பரல் பெரியது என்பதால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு எடுங்கள். வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்கட்டும் என்று எல்லாக் குறிப்பும் சொல்லும். அது குளிர்நாட்டு அறை. சித்திரை மாதச் சென்னைச் சமையலறையில் வைத்தால் வெண்ணெய் எண்ணெயாகிவிடும், எண்ணெயில் காற்று நிற்காது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் தொட்டால் சில்லென்றிருக்க வேண்டும். அதுதான் பதம்.

முட்டை இரண்டு, ஒவ்வொன்றாக. பிறகு 190 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், வெண்ணெயில் உப்பில்லாவிட்டால் ஒரு சிட்டிகை உப்பு, இவற்றைச் சலித்து, 120 மில்லி பாலோடு மாறி மாறிச் சேருங்கள். மைதாவைக் கண்டதும் கையைக் கட்டுப்படுத்துங்கள். அதிகம் கலக்கினால் கேக் ரப்பராகும். மாவைப் பழத்தின் மேல் மெல்லப் பரப்பி, முன்பே 180 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் 40 முதல் 45 நிமிடம் வையுங்கள். அடியில் பழம் இருப்பதால் சாதாரணக் கேக்கைவிட நேரம் பிடிக்கும். குச்சி குத்திப் பார்க்கும்போது பழம்வரை இறக்காதீர்கள். பாகு ஒட்டி, வேகவில்லை என்று ஏமாற்றும்.

ஓவன் இல்லாதவர்கள் கேஸ்கட், வெயிட் போடாமல் குக்கரில் உப்பு பரப்பிக் கேக் செய்வது தெரிந்த வழிதான். இந்தக் கேக்குக்கு அதில் ஓர் ஆபத்து உண்டு. சூடு முழுக்கக் கீழிருந்து வருகிறது, பாகும் கீழேதான் இருக்கிறது. உயரமான ஸ்டாண்டு வைத்து, தீயை நன்றாகக் குறைத்து, ஒரு மணி நேரம் பொறுக்க முடிந்தால் மட்டும் முயலுங்கள்.

வெளியே எடுத்ததும் கவிழ்க்காதீர்கள், கேக் உடையும். ஆறவிட்டும் கவிழ்க்காதீர்கள், பாகு இறுகிப் பழத்தைத் தட்டோடு பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து, ஓரத்தைக் கத்தியால் விடுவித்து, பரிமாறும் தட்டை மேலே மூடி, துணி பிடித்து ஒரே வீச்சில் திருப்புங்கள். இடையில் தயங்கினால்தான் சரியும். ஒட்டிக்கொண்டதென்றால் தட்டின் அடியை அடுப்பில் சில விநாடி காட்டினால் விட்டுவிடும்.

செர்ரி வைக்கலாமா? நம் பேக்கரிகளிலும் கடைகளிலும் செர்ரி என்ற பெயரில் வருவது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். அதன் உதவி இந்தக் கேக்குக்குத் தேவையில்லை. அன்னாசியைத் தவிர வேறு பழம் என்றால் நேந்திரம் முதலிடம். சூட்டில் கரையாது, நாட்டுச் சர்க்கரையோடு பிரமாதமாகச் சேரும். ஆப்பிளும் சரி. மாம்பழத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நல்ல மாம்பழத்தை வேகவைப்பது அநியாயம், மோசமான மாம்பழத்தை வேகவைத்தும் பயனில்லை.

லனாய்த் தீவில் கடைசி அன்னாசி அறுவடை 1992இல் நடந்தது. டின் அன்னாசியில் பெரும்பங்கு இன்று தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. அவசரத்துக்கு அதை வாங்கினாலும் தவறில்லை. வடிகட்டி, துணியால் ஒற்றி, நேரடியாக அடுக்கலாம், வேகவைக்க வேண்டாம். கேக்கைச் செய்த அன்றே வெதுவெதுப்பாகச் சாப்பிடுவது உத்தமம். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். வெண்ணெய் இறுகியிருக்கும் என்பதால் சாப்பிடும் முன் கொஞ்சம் சூடுகாட்டிக்கொள்ளுங்கள்.