பண்டைக் கிரேக்கத் தெய்வங்கள்: தொன்மமும் வழிபாடும் குறியீடும்

கிரேக்கத் தெய்வங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கதைத் தொகுப்புகளாகவே அமைந்துள்ளன. ஒலிம்பஸ் மலையில் வாழும் பன்னிரு தெய்வங்கள், அவர்தம் காதல், பூசல், சினம் ஆகியன சுவைபடக் கூறப்படுகின்றன. ஜீயஸ் என்றால் இந்திரன், பொசைடன் என்றால் வருணன், போர்த்தெய்வமாகிய ஏரஸ் என்றால் முருகன் என இணை காட்டும் அட்டவணைகளும் வகுப்பறைகளில் வழங்குகின்றன. கதையைச் சொல்லிவிட்டால் சமயத்தையே சொல்லியாயிற்று என்னும் எண்ணம் இவற்றின் அடியில் உள்ளது. ஆயினும், கிரேக்கர் இத்தெய்வங்களை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வணங்கினர், நேர்ந்துகொண்டனர், அஞ்சினர், பிள்ளை பிறந்தாலும் கப்பல் புறப்பட்டாலும் இவர்களையே முதலில் நினைந்தனர். பிறர் நம் சமயத்தை வெறுங்கதையாகச் சுருக்கியபோது நாம் அதனை ஒப்பவில்லை. அதே அளவுகோலைக் கிரேக்கர்க்கும் பயன்படுத்துதல் முறையாகும். ஆகவே, இக்கட்டுரையில் கதையினும் வழிபாட்டிற்கே நாம் மிகுதியான இடம் தந்துள்ளோம்.

நூலில்லாச் சமயம்

கிரேக்கச் சமயத்திற்கு நிறுவுநர் இலர், மறைநூல் இல்லை, அனைவரும் ஏற்றாக வேண்டிய கோட்பாட்டு அறிக்கையும் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான ஹெரோடோட்டஸ், தெய்வங்களின் பிறப்புமுறையையும் சிறப்புப் பெயர்களையும் வடிவங்களையும் கிரேக்கர்க்கு வகுத்துத் தந்தவர்கள் ஹோமரும் ஹீசியடும் என்று கருதினார். அவ்விருவரும் தமக்கு நானூறு ஆண்டுகளே முற்பட்டவர்கள் என்பதும் அவர் கணிப்பு. தெய்வங்களுக்கு உருவம் தந்தவர்கள் புலவர்கள் என்று ஒரு கிரேக்கரே வெளிப்படையாகக் கூறியிருப்பது எண்ணத்தக்கது.

'சமயம்' என்பதற்கு நேரான ஒரு தனிச்சொல் கிரேக்க மொழியில் இருந்ததில்லை. கி.மு. 399இல் சாக்ரட்டீஸ்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், நகரம் ஏற்றுள்ள தெய்வங்களை அவர் ஏற்கவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. அங்கு ஆளப்பட்ட வினைச்சொல் 'வழக்கம், சட்டம்' எனப் பொருள்படும் 'நோமோஸ்' என்னும் சொல்லோடு உறவுடையது. அகத்தே எதை நம்புகிறாய் என்பதோடு, முன்னோர் செய்தவாறு செய்கின்றாயா என்பதும் அவ்வினாவில் அடங்கியிருந்தது எனலாம்.

தொன்மம்

'மித்து' என்பதற்குத் தமிழில் 'தொன்மம்' என்னும் சொல் இன்று நிலைபெற்றுவிட்டது. தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றான 'தொன்மை'யை இது நினைவூட்டுகின்றது. 'புராணம்' என்று மொழிபெயர்ப்பதினும் இதுவே பொருந்தும் என்பது எம் கருத்து. ஏனெனில், புராணத்திற்குள்ள நூல் தகுதி கிரேக்கக் கதைகளுக்கு இல்லை. ஒரே கதை ஊருக்கு ஊர் வேறுபட்டது. நாடகாசிரியர்கள் அதனை அச்சமின்றி மாற்றினர்.

கி.மு. 700ஐ ஒட்டித் தோன்றிய ஹீசியடின் 'தியோகனி' தெய்வங்களின் வழிமுறையைப் பாடுகின்றது. விண்ணாகிய யூரனஸைத் தன் மகன் குரோனஸ் ஆண்மையறுத்து வீழ்த்துகிறான். குரோனஸ் தன் பிள்ளைகளைப் பிறந்தவுடன் விழுங்குகிறான். தாய் ரீயா, கடைசிப் பிள்ளையான ஜீயஸைக் கிரீட் தீவில் மறைத்துவிட்டு, துணியில் சுற்றிய கல்லொன்றைக் கணவனிடம் கொடுக்கிறாள். வளர்ந்த ஜீயஸ் தந்தையை வென்று அரசனாகிறான். இக்கதை கிரேக்கர்க்கே உரியதன்று. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்த இட்டைட்டு களிமண் பலகைகளில் காணப்படும் குமர்பியின் கதையிலும் விண்தெய்வத்தின் ஆண்மை பறிக்கப்படுகின்றது. வென்றவனும் பின்னர் வீழ்கிறான். அண்மைக் கிழக்கிலிருந்து கதைகள் கிரேக்க நிலத்திற்குச் சென்றன என்பதை அறிஞர்கள் இன்று பரவலாக ஒப்புகின்றனர்.

கதையில் வரும் அக்கல் கதையோடு நின்றுவிடவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் டெல்பிக்குச் சென்ற பௌசானியாஸ், பெரிதல்லாத ஒரு கல்லை அங்குக் கண்டார். நாள்தோறும் அதன்மீது எண்ணெய் ஊற்றினர். விழாக்காலங்களில் நூற்காத கம்பளி மயிரைச் சார்த்தினர். குரோனஸ் விழுங்கி உமிழ்ந்த கல் அதுவே என்று அங்குள்ளோர் கருதினர். அப்பல்லோவின் பெருங்கோயில் நகரில் இப்படியொரு சிறு கல்லுக்கு நாள் வழிபாடு நடந்தமை, எண்ணெய்க் காப்பை அறிந்த நம் மாணவர்க்கு உடனே விளங்கும்.

வழிபாடு

கிரேக்க வழிபாட்டின் நடுவிடம் கோயில் அன்று; பலிபீடமே. கோயில் தெய்வப் படிமத்தின் இல்லம். மக்கள் கூடி வழிபடும் மண்டபமாக அது கட்டப்படவில்லை. பீடம் பெரும்பாலும் கோயிலுக்குக் கிழக்கே திறந்த வெளியில் இருந்தது. கோயில் இல்லாமல் பீடம் இருக்கலாம். பீடம் இல்லாமல் வழிபாடு அரிது.

பலி நிகழ்வு ஊர்வலத்தோடு தொடங்கும். மாலை சூட்டப்பெற்ற விலங்கைப் பீடத்தருகே நிறுத்திக் கைகழுவுவர். பார்லி மணிகளைத் தூவி வேண்டுவர். பின்னர் விலங்கை வெட்டுவர். தொடையெலும்புகளைக் கொழுப்பில் சுற்றித் தீயிலிட்டனர். புகை தெய்வங்களுக்குச் சென்றது. ஈரல் முதலிய உள்ளுறுப்புகளை வாட்டி அருகிருந்தோர் முதலில் உண்டனர். எஞ்சிய இறைச்சி சமைக்கப்பட்டுப் பங்கிடப்பட்டது. நல்ல பகுதியை மனிதர் உண்ண, எலும்பு தெய்வத்திற்கா என்னும் ஐயம் கிரேக்கர்க்கே எழுந்தது. அதற்கு ஹீசியட் கூறும் விடை புரோமீத்தியஸின் கதை. மெக்கோனி என்னுமிடத்தில் எருதொன்றைப் பங்கிட்ட புரோமீத்தியஸ், எலும்புகளைப் பளபளக்கும் கொழுப்பால் மூடியும் இறைச்சியை இரைப்பையால் மறைத்தும் வைத்தான். ஜீயஸ் கொழுப்பை எடுத்துக்கொண்டான். அன்றுமுதல் மனிதர் எலும்பையே எரிக்கின்றனர் என்று ஹீசியட் முடிக்கிறார். இங்குத் தொன்மம் வழிபாட்டிற்கு விளக்கமாகிறது. எனினும், கதையை நம்பியதால் வழிபாடு பிறந்தது எனக் கொள்ளவியலாது. நடந்து வந்த வழக்கத்திற்குக் கதை பின்னர் வந்தது என்பதே பொருத்தமாகும்.

இப்பலியைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். 1972இல் வால்ட்டர் பர்க்கர்ட், கொலையின் குற்றவுணர்வே இச்சடங்கின் கரு என்றார். 1979இல் டெட்டியேனும் வெர்னானும், கூடியுண்ணும் விருந்தே அதன் பொருள் என்றனர். விலங்கு தலையசைத்துத் தன் இசைவைத் தெரிவித்தது என்னும் பழைய கருத்தை 2007இல் நெய்டன் மறுத்தார். நமக்கு விருந்துக் கருத்தே வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. ஏதென்ஸின் பானத்தினேயா விழாவில் பலியிட்ட இறைச்சி ஊர்ப் பிரிவுகளுக்குப் பங்கிடப்பட்டது. பங்கு பெறுவதே நகரத்தின் உறுப்பினராயிருத்தல்.

அவ்விழாவில் அத்தீனாவுக்குப் புதிதாக நெய்த ஆடை சார்த்தப்பட்டது. அதனைப் பெற்ற படிமம் எது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கி.மு. 438இல் பார்த்தெனானில் நிறுவப்பட்ட, பொன்னும் தந்தமும் கொண்டு பிடியாஸ் படைத்த பேருருவம் அன்று; அக்ரோபோலிசில் வேறிடத்தில் இருந்த பழைய மரப்படிமமே. அதுவே விண்ணிலிருந்து வீழ்ந்தது என மக்கள் போற்றியது. கலைவரலாற்று நூல்கள் கொண்டாடும் படைப்பும் மக்கள் வணங்கிய தெய்வமும் வேறுவேறாயிருந்தன. அம்மரப்படிமத்திற்குரிய பூசகர் பெண்ணே. ஒரே குடிவழியைச் சேர்ந்தவர்.

வீட்டு வழிபாடு எளியது. அடுப்பு ஹெஸ்டியாவின் இடம். பிறந்த குழந்தையைச் சில நாள்களில் அடுப்பைச் சுற்றி எடுத்துச் சென்று குடும்பத்தில் சேர்த்தனர். முற்றத்தில் ஒரு ஜீயஸ்; பண்டக அறையில் வேறொரு ஜீயஸ்.

இவ்'வேறொரு ஜீயஸ்' என்பதற்குச் சான்றாக செனபன் தம் வரலாற்றில் கூறும் நிகழ்ச்சியொன்று உள்ளது. கி.மு. 399இல் பாரசீகப் படையெடுப்பிலிருந்து மீண்ட அவர், கையில் வழிச்செலவுக்கும் பணமின்றிக் குதிரையை விற்றிருந்தார். அவருடைய பலியைக் கண்ட குறிசொல்வோர் ஒருவர், 'ஜீயஸ் மெயிலிக்கியோஸ்' தடையாக நிற்கின்றார், அவருக்குப் பலி தந்ததுண்டா என வினவினார். ஊரைவிட்டு வந்தபின் இல்லை என்றார் செனபன். மறுநாள் தம் முன்னோர் வழக்கப்படி பன்றிகளை முழுமையாக எரித்துப் படைத்தார். அன்றே படைக்குரிய பணத்தோடு இருவர் வந்தனர். விற்ற குதிரையும் அவரிடம் திரும்பியது. செனபன் அதுவரை ஜீயஸை மறந்தவர் அல்லர். 'அரசன் ஜீயஸ்'க்குப் பலியிட்டு வந்தவரே. ஆனால், அடைமொழி மாறியபோது கடனும் மாறிற்று. அட்டவணையில் 'ஜீயஸ்: வானத் தெய்வம்' என ஒரு வரியில் அடக்குவோர் இங்கு என்ன செய்வர்?

குறியீடு

ஜீயஸுக்கு இடியும் கழுகும், பொசைடனுக்கு முச்சூலம், அத்தீனாவுக்கு ஆந்தையும் ஒலிவமரமும், அப்பல்லோவுக்கு யாழும் வில்லும் என்பன நன்கறியப்பட்டவை. எழுத்தறியாதவரும் சிலையை அடையாளங்காண இவை உதவின. ஏதென்ஸ் நகரின் வெள்ளி நாணயத்தில் இருந்த ஆந்தை, இன்று கிரேக்கநாட்டு ஒரு யூரோ நாணயத்திலும் உள்ளது.

ஆனால், மேலே கண்ட மெயிலிக்கியோஸின் உருவம் கழுகன்று. பிரேயஸ் துறைமுகத்தில் கிடைத்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்கள் சிலவற்றில் அவர் சுருண்டெழுந்த பெரும்பாம்பாகக் காட்சியளிக்கிறார். மக்கள் அதன்முன் கையுயர்த்தி நிற்கின்றனர். 1903இல் ஜேன் ஹாரிசன் இதனை முதன்மைப்படுத்தி, ஒலிம்பஸ் வழிபாட்டிற்கு அடியில் பழைய நிலவழிபாடு இருந்தது என வாதிட்டார். அவருடைய முடிவுகள் பல இன்று கைவிடப்பட்டன. அவர் சுட்டிய சிற்பங்கள் இன்றும் விளக்கம் வேண்டி நிற்கின்றன.

பாம்பைப் பற்றி இன்னொன்று. மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிலெப்பியஸின் கோலில் ஒரே பாம்பு; தூதுத்தெய்வமாகிய ஹெர்மிஸின் கோலில் இரண்டு. ஹெர்மிஸ் வணிகர்க்கும் கள்வர்க்கும் காவலர். இறந்தோரைக் கீழுலகிற்கு அழைத்துச் செல்பவர். 1902இல் அமெரிக்கத் தரைப்படை மருத்துவப் பிரிவு ஹெர்மிஸின் கோலைச் சின்னமாக ஏற்றது. அதன்பின் அது மருத்துவச் சின்னமாகப் பல நாடுகளுக்குப் பரவியது. நோயாளிக்கு இதைவிடக் கலக்கந்தரும் சின்னம் இருத்தலரிது!

ஒப்பிடும் முறை

ஒப்பாய்வை நாம் மறுக்கவில்லை. ஜீயஸ் என்னும் பெயர் வேதத்தின் 'தியௌஸ்', உரோமரின் 'ஜுப்பிட்டர்' ஆகியவற்றோடு ஒரே வேரினது என்பது மொழியியல் உறுதிசெய்த உண்மை. ஆயினும், அது காட்டுவது தியௌஸை, இந்திரனை அன்று. வேதத்தில் தியௌஸ் மங்கிய தெய்வம். கிரேக்கத்தில் ஜீயஸ் வேந்தன். வேர் ஒன்றாயினும் வாழ்வு வேறு.

டயோனிசஸ் வரலாறும் எச்சரிக்கையாக உள்ளது. மதுவும் வெறியாட்டும் உடைய இத்தெய்வம் வெளியிலிருந்து பிற்காலத்தில் வந்ததென 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலர் கருதினர். கிரேக்கத் தொன்மங்களும் அவரை வந்தேறியாகவே காட்டின. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் 'லீனியர் பி' எழுத்தைப் படித்தறிந்தபின், கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளில் டயோனிசஸின் பெயர் காணப்பட்டது. கிரீட் தீவின் கானியாப் பலகையொன்றில் ஜீயஸுக்கும் அவருக்கும் தேன் படைத்த கணக்கு உள்ளது. 'புதிய தெய்வம்' எனக் கதை கூறியது வரலாறன்று. ஒவ்வொரு விழாவிலும் புதிதாக வந்திறங்குதல் அத்தெய்வத்தின் இயல்பு.

இணைகாட்டும் பழக்கம் கிரேக்கரிடமே இருந்தது. ஹெரோடோட்டஸ் எகிப்தின் ஐசிஸை டிமீட்டர் என்றும் ஒசைரிஸை டயோனிசஸ் என்றும் எழுதினார். கி.மு. 300ஐ ஒட்டிச் சந்திரகுப்தனின் அவையில் தூதராயிருந்த மெகஸ்தனிஸ், இந்தியாவில் ஹெரக்கிளிஸ் வணங்கப்படுவதாகக் குறித்தார். அந்த ஹெரக்கிளிஸுக்குப் பாண்டையா என்றொரு மகள் இருந்தாள். அவள் ஆண்ட நாடு அவள் பெயரால் வழங்கியது என்றும் கூறினார். இப்பெயரில் பாண்டிய நாட்டைப் பற்றிய மிகப் பழைய அயல்நாட்டுக் குறிப்பை ஆய்வாளர்கள் காண்கின்றனர். ஆனால், 'ஹெரக்கிளிஸ்' யார்? மதுராவோடு தொடர்புபடுத்தப்படுவதால் கண்ணன் என்போர் பலர். வேறு தெய்வம் என்போரும் உளர். மெகஸ்தனிஸின் நூல் மறைந்துவிட்டது. அர்ரியன் முதலியோர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஹெரக்கிளிஸ் என்னும் கிரேக்கப் பெயர் உள்ளது; அங்குள்ள மக்கள் அத்தெய்வத்தை அழைத்த பெயர் இல்லை.