உங்களுக்குத் தெரியுமா? அரை டன் காரும் பெட்ரோல் கணக்கும்

பாகங்களாக வாங்கி வந்து வீட்டுக் கொட்டகையில் நாமே பூட்டிக்கொள்ளும் காருக்கு இங்கிலாந்தில் கிட் கார் என்று பெயர். காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த 'செவன்' இந்த ரகத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. அன்று முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறையை அச்சடித்துக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான்! 1973-இல் அந்த வரி ஒழிந்து வாட் வந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது.

★

செவன் ரகக் கார்களின் எடை பெரும்பாலும் 500 முதல் 600 கிலோ. நம் ஊர் ஸ்விஃப்ட் சுமார் 900 கிலோ. நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் எடைதான் பெட்ரோலைத் தின்னும் என்பதால், அங்கே செவனுக்கு லாபம். நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சக்கரங்கள், நட்டுவைத்த கண்ணாடி, திறந்த மேல்புறம் எல்லாம் சேர்ந்து காற்றை முட்டித் தள்ளுகின்றன. இதன் காற்றுத்தடை எண் 0.7-ஐ ஒட்டி இருக்கிறது. இன்றைய சாதாரணக் கார்களுக்கு அது 0.3 அளவில்தான். வேகம் 50-லிருந்து 100 கிலோமீட்டருக்கு ஏறினால் காற்றை எதிர்க்கும் விசை நான்கு மடங்காகிறது, அதற்கு வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு.

★

அதே 1957-இல் அதே சாப்மன் காட்டிய இன்னொரு கார் எலைட். உடல் முழுக்க ஃபைபர்கிளாஸ். இதிலும் எடை குறைவுதான், ஆனால் காற்றுத்தடை எண் வெறும் 0.29! பிற்பாடு அதுவும் கிட்டாக விற்பனைக்கு வந்தது. மைலேஜ்தான் முக்கியம் என்றால் செவனை விட்டு எலைட்டின் உருவத்தைத்தான் எல்லோரும் நகலெடுத்திருக்க வேண்டும். யாரும் மைலேஜுக்காக செவன் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

★

2021-இல் வந்த கேட்டர்ஹாம் செவன் 170-இன் எடை 440 கிலோ. உள்ளே இருப்பது சுசுகியின் 660 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். ஜப்பானில் இது கெய் எனப்படும் குட்டிக் கார் வகையிலேயே பதிவாகிறது.

★

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். மிதியை முழுக்க அழுத்திச் சக்தி கேட்கும்போது 12.5 முதல் 13 பங்கு போதும், சீராக ஓடும்போது 15-க்கு மேலேயும் போகலாம். சாலைக்குச் சாலை, மிதிக்கு மிதி இதை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் இ.சி.யு எனப்படும் எஞ்சின் கணினியின் வேலை. கார்புரேட்டரில் கலவையை மாற்ற வேண்டுமென்றால் ஸ்பேனரை எடுத்து ஜெட்டைக் கழற்ற வேண்டும்.

★

பலரும் கவனிக்காதது தீப்பொறியின் நேரம். மிதியை லேசாக அழுத்தி ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைவு, எரிய அதிக நேரம் பிடிக்கும். அதனால் தீப்பொறி இன்னும் முன்னதாகவே விழ வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம் இதைச் செய்தது. இரட்டை வெபர் கார்புரேட்டர் பூட்டிய கிட் கார்களில் அந்த வெற்றிடம் நிலையாக இருப்பதில்லை, ஆகவே பலர் அந்த வெற்றிடக் குழாயையே பூட்டாமல் விட்டுவிடுவார்கள். சத்தம் அருமையாக இருக்கும், பெட்ரோல் வீணாகும். இதற்கு மலிவான வைத்தியம், கார்புரேட்டரை அப்படியே விட்டுவிட்டுத் தீப்பொறியை மட்டும் கணினியிடம் ஒப்படைப்பது. கிராங்க்கில் ஃபோர்டு பாணிப் பல்சக்கரம் ஒன்றைப் பூட்டுவார்கள். 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று மட்டும் இருக்காது. பல்லுக்குப் பல் 10 டிகிரி, பொக்கை வரும் இடத்தை வைத்து கிராங்க் எங்கே நிற்கிறது என்று கணினி தெரிந்துகொள்ளும்.

★

பெட்ரோலையும் சேர்த்து ஆள வேண்டுமென்றால் மெகாஸ்குவர்ட். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் 2001-இல் வெளியிட்டது. சால்டரிங் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய இ.சி.யு. கிட் காருக்கு கிட் மூளை!

★

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்டர் உள்ள காரில் கியரோடு மிதியை விட்டால் இ.சி.யு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் போகும். பிரேக்குக்கும் கியர்தான் பாதுகாப்பு.

★

'சூடாகிறது' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடமும் உண்டு. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராவிட்டால், குளிர்ந்த எஞ்சினுக்குரிய கூடுதல் பெட்ரோலை இ.சி.யு ஊற்றிக்கொண்டே இருக்கும்.

★

'என் கார் கேலனுக்கு 40 மைல்' என்று ஒருவர் சொன்னால், எந்த ஊர் கேலன் என்று கேளுங்கள். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785. முதலாவதில் அது லிட்டருக்கு 14.2 கிலோமீட்டர், இரண்டாவதில் 17. அடுத்து டயரைப் பாருங்கள். கிட் காரில் சக்கரத்தின் சுற்றளவை, ஓடிய தூரம் காட்டும் மீட்டருக்குச் சொல்லிக்கொடுப்பவர் சொந்தக்காரரேதான். அதை ஐந்து சதவீதம் கூட்டிச் சொன்னால் மைலேஜும் ஐந்து சதவீதம் கூடிவிடும், ஒரு சொட்டு பெட்ரோல் மிச்சமாகாமலே.