போகும்போது தள்ளும், வரும்போது தடுக்கும்

வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு டோக்கியோவில் விமானம் ஏறினால், அதே வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலுவில் இறங்கலாம். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிடுவதால் நாட்காட்டி காட்டும் வேடிக்கை இது. உண்மையில் பயணம் சுமார் 7 மணி நேரம். ஆனால் குளிர்காலத்தில் திரும்பி வரும்போது எட்டரை, ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். தூரம் என்னவோ இரு பக்கமும் ஏறக்குறைய 6,200 கிலோமீட்டர்தான்.

பூமி சுழல்வதால் தரை நகர்ந்துவிடுகிறதோ? இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. காரணம், தரைக்கு 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’. மேற்கிலிருந்து வீசுவதை மேல்காற்று என்போம். இது இரண்டு பொருளிலும் மேல்காற்று.

வெப்பமண்டலச் சூட்டுக்கும் துருவக் குளிருக்கும் உள்ள வேறுபாடே இதை ஓட்டுகிறது. துருவம் நோக்கிப் புறப்படும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் ஆசிய நிலப்பரப்பு உறைந்து கிடக்க, தெற்கே கடல் வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் ஜப்பானுக்கு மேலே இக்காற்று மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும்.

1920-களிலேயே இதைக் கண்டவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி. பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போன திசையைக் கருவியால் பின்தொடர்ந்து கணக்கிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் அறிக்கை வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க பி-29 விமானிகள்தான் அந்தக் காற்றிடம் நேரடியாகப் பாடம் கற்றார்கள்.

1952 நவம்பரில் பான் அமெரிக்கன் நிறுவனம் அதே காற்றின்மேல் ஏறி டோக்கியோவிலிருந்து ஹோனலூலுவுக்குப் பறந்தது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணியில் முடிந்தது.

ஆற்றில் போகும் பரிசல் மாதிரிதான் விமானமும். காற்றுக்குள் அதன் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைப்போம். வழிநெடுக 100 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னிருந்து தள்ளினால் தரைக்கணக்கில் வேகம் 1,000, எதிர்த்தால் 800. போக 6 மணி 12 நிமிடம், வர 7 மணி 45 நிமிடம். அதனால்தான் திரும்பும் விமானங்கள் சற்றுச் சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று காற்றின் நடுவோட்டத்தை விட்டு விலகுகின்றன.

போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நேராகிவிடும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. காற்றே இல்லாவிட்டால் போய்வர 13 மணி 47 நிமிடம் போதும். காற்றோடு 13 மணி 57 நிமிடம். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதன் பிடியில் அதிக நேரம் இருக்க வேண்டியிருக்கிறது. தள்ளிவிட்ட காற்று, திரும்பும்போது 10 நிமிடம் வட்டி போட்டு வாங்கிக்கொள்கிறது.