நின்றுதான் பதில் சொல்கிறாரா பாட்டி?

தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்திலிருந்து ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வந்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களில் நடந்துபோகும் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தால், நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறார். ஏன்?

நடை கால்களின் வேலை மட்டுமல்ல. பள்ளம் மேடு பார்ப்பதற்கும் அடியெடுத்து வைப்பதற்கும் மூளையின் கவனம் வேண்டும். பேச்சுக்கும் அதே கவனம்தான். அது குறையும்போது, ஒன்றை நிறுத்தித்தான் மற்றதைச் செய்ய முடிகிறது.

இது லேசான அறிவாற்றல் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு வயதுக்கு மீறிய மறதி இருக்கும். ஆனாலும் அன்றாட வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்வார்கள். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சன் குழு இந்தக் குறைபாட்டைத் தெளிவாக வரையறுத்தது. பலருக்கு நடை மெதுவாகும், கைப்பிடி தளரும். சிலர் கூட்டத்தில் பேச்சைத் தொடர முடியாமல் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். ஒதுங்க ஒதுங்க மூளைக்கு வேலை குறைந்து, மறதி கூடலாம்.

எல்லோருக்கும் இது முதுமை மறதி நோயாக முற்றுவதில்லை. சிலர் மீள்வதும் உண்டு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு காரணமென்றால் சிகிச்சை உண்டு. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் முதுமை மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணையம்.

ஆகவே, பாட்டி நின்றால் நாமும் நிற்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்போம், மருத்துவரிடமும் அழைத்துப்போவோம்.